வளைந்த பூந்தண்டு

கல்லூரியில் உலர்தாவரத் தொகுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குற்றால மலையடிவாரத்துச் செடிகளை அமுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, பெயரும் பறித்த இடமும் எழுதிய சீட்டை மூலையில் ஒட்டுவோம். பிற்பாடு பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. திருத்தத்தைத் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தப்பும் கிடக்கும், தப்பு செய்தவரின் கையெழுத்தும் கிடக்கும். இந்த வேலையில் நான் மதிக்கும் விதி அது ஒன்றுதான்.

போன மாதம் திருத்தத்துக்குச் சோற்றுக்கற்றாழையின் முறை வந்தது. ஒரு காலத்தில் அதை லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது ஆஸ்போடெலேசி குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் அலமாரிக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. உறையைத் திறந்தேன். சீட்டில் இருந்தது என் கையெழுத்து. பறித்த இடம்: குற்றாலம், பாறைச் சரிவு.

அது பச்சைப் பொய். அந்தக் கற்றாழை பல வருடங்களுக்கு முன் தென்காசியில் என் பக்கத்து வீட்டு வாசல் நிலையில், கண்ணேறுக்காகத் தலைகீழாகத் தொங்கியது. மகன் ராணுவத்துக்குக் கிளம்பிய அன்று அந்த வீட்டுக்கார அம்மா கட்டியது. மண்ணில்லை, தண்ணீரில்லை, ஆனாலும் பூத்தது. செடி கீழே பார்த்துத் தொங்க, பூந்தண்டு மட்டும் வளைந்து மேலே பார்த்தது. "எம் மவன் நல்லா இருக்கான், அதான் பூத்திருக்கு" என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னார்.

கற்றாழையில் எந்த இனம் என்று இலையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, பூ வேண்டும். பூவுக்காக நான் இரண்டு வருடம் மலையடிவாரத்தில் அலைந்திருந்தேன். ஒரு பங்குனி மத்தியானம், அந்த அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். மருமகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வெயிலுக்குத் தெருவே அடைத்துக் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ஓர் இலையையும் பூந்தண்டையும் வெட்டினேன். வீட்டு வாசல் செடியைத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் பாறைச் சரிவு என்று எழுதினேன்.

பழி மருமகள் தலையில் விழுந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

"அவன் உசுருக்காகப் பூத்தத நீதான் பறிச்சிருக்க. வேற யாரு இருந்தா வீட்டுல?"

அவள் இல்லவே இல்லை என்று அழுதது மாடியில் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்புயரச் சுவர்தான். கற்றாழை லேசில் காயாது. கொதிநீரில் முக்கி, சோற்றை வழித்து, அமுக்கும் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். நான் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் புளியங்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து, கணவன் லீவில் வந்துதான் அழைத்துவந்தான். அதற்குப் பிறகும் வாசலில் கோலம் போட மாமியார் அவளை விட்டதில்லை.

குடும்பத்தைத் திருத்தி எழுத இரண்டு நிமிடம் ஆனது. அடுத்த வரிக்கு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அட்டையில் தண்டு வளைந்தே காய்ந்திருந்தது. பாறையில் நிமிர்ந்து வளர்ந்த செடிக்கு அப்படி வளைவு வராது. இத்தனை வருடம் ஒருத்தரும் கேட்கவில்லை. 'பறித்த இடம்: தென்காசி, அடுத்த வீட்டு வாசல், கேட்காமல்' என்று எழுதி ஒட்டினேன்.

சாயங்காலம் துணி எடுக்கப் பக்கத்து மாடிக்கு வந்த மருமகளிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் கொடியில் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா. ரெண்டு நா கழிச்சு உங்க தாளுல அந்தப் பூவப் பாத்தேன்."

"அப்பவே உங்க அத்தகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'காலேஜுல வேல பாக்குதவ மேலயா பழி போடுத'ன்னு கன்னத்துல அறைஞ்சாவ."

கீழே அந்த அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கிப் போனேன்.