ராகு காலம் மட்டும் சரியாக வந்தது

ஒரு புரோகிராம் எழுத இன்னொரு புரோகிராம் வேண்டும். ஊருக்குத் தெரிவது லாட்ஜ் கவுண்டரில் பில் போடுகிற திரை மட்டும்தான். அந்தத் திரையை எழுதுவதும் திருத்துவதும் வேறொரு டூலில். நான் பழகியிருந்த டூலைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர்களில் அது ஏற மறுத்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் அது உயிரோடு இருந்தது. அதற்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை. அதன் பக்கத்தில் டீ டம்ளர் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

'எங்கள்' என்றால் இரண்டே பேர். நான் எழுதுவேன், சார் விற்பார். சார் என்னைவிட நன்றாக மூத்தவர், கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். விடிகாலையில் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியோடு நின்று சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் கலையாமல் வந்து ஷட்டரைத் தூக்குவார். நான் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். ஆயுத பூஜையன்று சார் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எனக்கும் அதுதானே சோறு போடுகிறது என்று நான் தள்ளி நின்று என் ஆண்டவரிடம் அதற்காக ஒரு வார்த்தை சொல்லிவைப்பேன். இரண்டு பக்கத்துச் சிபாரிசும் இருப்பதால்தான் அது ஓடுகிறது என்று சார் சிரிப்பார்.

திருப்பதியிலும் காளஹஸ்தியிலும் நிறைய லாட்ஜ்களில் எங்கள் புரோகிராம் ஓடியது. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு வழக்கம், ஒரு பிடிவாதம். ஒருவருக்கு நாள் என்றால் அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி. இன்னொருவர், மலைமேல் தரிசன வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மறுநாள் வாடகை போடக் கூடாது என்பார். காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்கு வருகிறவர்கள் அரை நாள் அறை போட்டுக் குளித்து, பூஜை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஒரு லாட்ஜ்காரர், அன்றைய ராகு காலம் திரையின் மேலேயே தெரிய வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். யாரோ எங்கள் பாஸ்டர் காதில் போட்டுவிட்டார்கள். "இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல பஞ்சாங்கம் போட்டுக்கினு கீறியாமே?" என்று சபை வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டார். "கேட்டவங்களுக்குத்தான் போடறேன் ஐயா, நான் பாக்கறதில்ல" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

கேட்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வியாபாரம். பெரிய கம்பெனிக்காரன் அதைச் செய்யமாட்டான். எனக்கு அதில் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு காலம் மாறியது. விருந்தாளிகள் போனில் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். எந்த அறை காலி என்று ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்க வேண்டும் என்றார்கள் முதலாளிகள். பணம் வாங்கித் தரும் கம்பெனிகள் பாதுகாப்பு முறையை மாற்றின. என் பழைய டூலுக்கு அந்தப் பேச்சே புரியவில்லை. சுற்றி வளைத்து ஏதேதோ ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒட்டு நிற்கவில்லை. ஒரு லாட்ஜ் போயிற்று, அடுத்த மாதம் அதன் எதிர் லாட்ஜ் போயிற்று. புது டூலுக்கு மாறி எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், அல்லது இருப்பவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கடையைக் கட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

ஒருநாள் மதியம் சார் நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ஏற்கெனவே மகனோடு ஹைதராபாத் போய்விட்டார். மகன் இவரையும் அழைத்துக்கொண்டே இருந்தான்.

"ஆபீஸ் இருக்கு, ஆபீஸ் இருக்குன்னு சொல்லித்தான் இத்தனை நாள் தப்பிச்சிண்டிருக்கேன். இந்த ஊரை விட்டா நேக்குக் கோஷ்டி ஏது? அங்கே அபார்ட்மென்ட்ல பன்னெண்டாவது மாடியிலே உக்காந்துண்டு யாரோட சேவிக்கறது?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "புது டூல்லே பண்ண முடியும்னு நீங்க சொன்னா நான் இங்கேயே இருந்துடறேன். முடியாதுன்னா ஷட்டரை இறக்கிட்டுக் கிளம்பறேன். நேக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க சொல்றதுதான்."

என்னை அவ்வளவு நம்பியவர் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை. அது எனக்கு அன்று சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. முடியும் என்றால் அவர் ஊர் அவருக்கு, என் வேலை எனக்கு. முடியாது என்றால் இரண்டும் போகும். ஆனால் முடியும் என்பது நிஜமாக இருக்க வேண்டுமே.

"கொஞ்சம் டைம் குடுங்க சார். செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

புது லேப்டாப்பில் புது டூலை ஏற்றினேன். பழைய டூலில் எழுதியதைப் புதிதாக மாற்றித் தருவதற்கு அதில் ஒரு வழி இருந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். முடிந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பும் ஒரு பிழை, பக்கம் பக்கமாக, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தெலுங்கில் அச்சாக வேண்டிய பில், பழைய எழுத்துரு புது டூலுக்குப் புரியாததால், எந்த மொழியும் இல்லாத கோணல் மாணல் குறிகளாக வந்தது. இருபத்துநாலு மணிக் கணக்கு உளறியது. முதல் தடவையிலேயே அப்பழுக்கில்லாமல் வந்தது ஒன்றே ஒன்று: திரையின் மேலே அன்றைய ராகு காலம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெரிய இடி அதுவும் இல்லை. எங்கள் புரோகிராமின் முகமே அறைகளின் கட்டங்கள்தான். காலி அறை பச்சை, ஆள் இருப்பது சிவப்பு, துடைத்துப் பெருக்க வேண்டியது மஞ்சள். கவுண்டரில் இருக்கும் பையன்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை. அந்தக் கட்டங்களை நான் எழுதவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு சின்னக் கம்பெனியிடம் வாங்கி என் புரோகிராமில் பொருத்தியது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. புது டூலில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக வந்தது. காளஹஸ்தி லாட்ஜ் பையனிடம் ஒரு நகலைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "அக்கா, ரூம்ஸே லேதக்கா! அந்தா காலி!" என்று போனில் தெலுங்கில் கத்தினான், அறைகளே இல்லை, எல்லாம் காலி என்று.

கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். பஸ்ஸில் பூதலப்பட்டு தாண்டும்வரை வீடியோ பாடம் பார்ப்பேன், சந்திரகிரி வருவதற்குள் அதை மறந்திருப்பேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. "இன்னா, இன்னும் அத்தயே பாத்துக்கினு கீற? சோறு ஆறுது, வந்து துன்னு" என்று என் வீட்டுக்காரர் தட்டோடு வந்து நிற்பார். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு என்ன வியாதி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 

வியாதி இதுதான்: எனக்கு வரவில்லை. பழைய டூலில் என் விரல்கள் தானாக ஓடும், நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால்கூட. புது டூலில் ஒவ்வொரு வரிக்கும் நின்றேன். ஒரு சின்ன வேலைக்கு ஏழெட்டு ஃபைல், ஒன்றை ஒன்று கூப்பிடும். எது எதைக் கூப்பிடுகிறது என்று பிடிப்பதற்குள் தலை சுற்றும். ஐம்பதை நெருங்குகிற வயதில் நான் மக்கு ஆகிவிட்டேனா, அல்லது எப்போதுமே மக்காக இருந்து ஒரு டூலின் தயவில் கெட்டிக்காரியாகத் திரிந்தேனா என்று யோசித்தேன். இரண்டாவதுதான் நிஜம் என்று தோன்றிய நாட்களில் பஸ்ஸிலிருந்து இறங்கவே மனம் வராது.

ஏஐ எல்லாம் செய்துவிடும் என்றார்கள். அதையும் கேட்டேன். மிக மரியாதையாகப் பேசியது. என் தப்புகளையெல்லாம் நல்ல கேள்வி என்று பாராட்டியது. தெலுங்கு பில்லைச் சரிசெய்து கொடுத்தது. அறைக் கட்டங்களையும் அதுவே எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாம்பல் நிறம் போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று காலைப் பெருமாளுக்குத் தளிகையாகப் படைத்து வாழையிலையில் கட்டியிருந்த புளியோதரையை எனக்குப் பாதி பிரித்துக் கொடுத்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், மகனுக்குப் போன் போட்டார். "நான் வரலைடா. இங்கே எல்லாம் ஆயிடுத்து. அம்மா முடிச்சுட்டா" என்றார். என்னை அவர் அப்படித்தான் சொல்வார்.  இன்னும் சோதிக்கவில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காளஹஸ்திக்குப் போய் லாட்ஜ் கவுண்டரில் ஓட்டினேன். முதல் மாடியில் ஓர் அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். அந்தக் கட்டம் பச்சையாகவே இருந்தது. கீழே ஆளில்லாத அறைகள் வரிசையாகச் சிவப்பாயின. பையன் அதே அறையை இன்னொரு குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டான். பூஜைக்கு ஈரத் துணியோடு கிளம்ப இருந்தவர்கள் கதவைத் தட்டிய புது ஆட்களோடு சண்டைக்கு நின்றார்கள். நான் இரண்டு குடும்பத்திடமும் கை கூப்பினேன். ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை முடித்தது. பழைய புரோகிராமில் எந்தத் தப்பு வந்தாலும் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்வேன். இது ஓடினாலும் ஏன் ஓடுகிறது என்று தெரியாது, விழுந்தாலும் ஏன் விழுந்தது என்று தெரியாது. இதை லாட்ஜ்களில் வைத்துவிட்டு, சாரை இந்த நம்பிக்கையில் இந்த ஊரில் உட்கார வைப்பது ஏமாற்று வேலை.

அன்று மதியமே ஆபீஸுக்குப் போனேன். "சார், என்னால ஆவல சார்" என்றேன். அதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினாலும் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா" என்றார். பிறகு, "நீங்க சாப்பிட்டேளா?" என்றார்.

அடுத்த நாட்களில் மிச்சமிருந்த லாட்ஜ்களுக்கெல்லாம் நாங்களே போன் செய்து, வேறு புரோகிராம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள், எங்களிடம் சொல்லத்தான் சங்கடப்பட்டிருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்களை விரட்டுவதற்குக்கூட நாங்கள் பிந்திவிட்டோம்.

சார் கிளம்பிய அன்று வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாச் சாமானும் முன்பே போயிருந்தது. அவர் கையில் ஒரு பையும் தண்ணீர்ப் பாட்டிலும் மட்டும் இருந்தன. "காலம்பற கடைசியா ஒரு தடவை சேவிச்சுட்டு வந்தேன். நான் சொல்லிண்டு நகர்றதுக்குள்ளே என் இடத்துலே இன்னொருத்தர் வந்து நின்னுட்டார். கோஷ்டின்னா அப்படித்தான், இடம் காலியா இருக்கப்படாது" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

வண்டி வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டார். இத்தனை நாளும் அவர் கேட்காத கேள்வி அது. நான் ஒவ்வொரு நாளும் அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா வந்திருக்குமோ?"

"வந்திருக்காது சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், கல் மாதிரி நின்றுகொண்டு.

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. தலையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. நான் படியேறி வெளியே வந்து, சித்தூர் பஸ் பிடித்து, டிக்கெட் வாங்கி, உட்கார்ந்தேன். வந்திருக்குமா வந்திருக்காதா என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது.