மலர்கொடி கம்ப்யூட்டராக இருந்த கதை

மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடமாக உப்பு வாரும் மலர்கொடிக்கு வாயாடி என்று பெயர். எட்டாவது வரை படித்தவள். எதையும் யாரிடமும் நறுக்கென்று கேட்டுவிடுவாள். அவள் கணவன் பஞ்சநாதன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். வீட்டில் பேசுகிற முறை தனக்கு வரப்போவதில்லை என்பதைக் கல்யாணமான மறுமாதமே புரிந்துகொண்டு, அன்றிலிருந்து நிம்மதியாக இருக்கிறான்.

இவ்வளவு பேசுகிறவளின் ஒரே ஒரு பேச்சு மட்டும் எட்டு வருடமாக யார் காதிலும் ஏறவில்லை. உப்பளத்தில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அது.

உப்பளம் என்பது கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் பாத்தி. மரமில்லை, மறைவில்லை. விடியும் முன் இறங்கினால் பதினொரு மணிவரை வேலை. ஆண்கள் வரப்பில் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வார்கள். உலகம் அவர்களுக்கு அவ்வளவு வசதியாக அமைந்திருக்கிறது. பெண்கள் அரை மைல் நடந்து கால்வாய்க் கரை வேலிகாத்தான் புதருக்குப் போக வேண்டும். போய்த் திரும்பினால் மேஸ்திரி ஆதிமூலம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் பெண்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள்: வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

பக்கத்துப் பாத்தி வசந்தாவுக்கு இந்தச் சுலபமான வழி உடம்பில் வேலையைக் காட்டியது. நீர்க்கடுப்பில் ஆரம்பித்து சிறுநீரகத்தில் சீழ் வைத்து, ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். தண்ணீர் நிறையக் குடி, இல்லையென்றால் உப்பளத்தை விட்டுவிடு, மூன்றாவது முறை வந்தால் என்னால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பை விட்டால் வசந்தாவுக்கு வேறு வேலை தெரியாது. அவள் செத்துப்போவாள் என்று மலர்கொடிக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மனு மட்டும் எட்டு கொடுத்தாகிவிட்டது. உப்பு நிலத்தில் கட்டடம் கட்ட விதியில் இடமில்லை என்று எட்டுக்கும் ஒரே பதில். விதி பாவம், அதற்கு மூத்திரம் வருவதில்லை.

இப்படியிருக்கையில்தான் போன பங்குனியில் சென்னையிலிருந்து ராஜ்கமல் என்கிற இளம் டைரக்டர் ஒரு வெப் சீரியல் எடுக்க வந்து இறங்கினார். கதாநாயகன் காலப் பயணி. ஒரு கப்பலில் ஏறி, சோழர் காலத்துக்கும் மூவாயிரமாவது ஆண்டுக்கும் டவுன் பஸ்ஸில் போவதுபோலப் போய்வருகிறவன். மூவாயிரத்தில் உலகம் முழுக்க உப்பாகிவிடுகிறதாம். அதற்கு மரக்காணம்தான் தோது. பலகையும் தெர்மாகோலும் வெள்ளிப் பெயிண்டுமாக, வீட்டைவிடப் பெரிதாக, அந்தக் கப்பல் உப்பளத்தின் நடுவில் எழும்பியது. அனுமதி ஒரே நாளில் கிடைத்தது. விதியில் கட்டடத்துக்குத்தான் இடமில்லை, கப்பலுக்கு இருக்கிறது போல.

கப்பலில் காலப் பயணியைவிட முக்கியமான ஆள், அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர். பெயர் திரிகாலி. அதற்குத் தெரியாதது கிடையாது. தொள்ளாயிரம் பாஷை பேசும். இரண்டு யுகத்துக்கு நடுவில் கப்பல் வழி தவறினால் திருப்பிக் கொண்டுவந்து விடும். பயணி பொய் சொன்னால் நாடித்துடிப்பை வைத்தே கண்டுபிடித்துத் திட்டும். ஆறாவது எபிசோடில் அதற்குக் காதலும் வருகிறது என்றார் ராஜ்கமல்.

இத்தனையும் தெரிந்த திரிகாலிக்கு உப்புக்காற்று மட்டும் தெரியவில்லை. மூன்றாம் நாளே ஒயரெல்லாம் பச்சை பூத்து, விளக்குகள் செத்து, ஸ்பீக்கர் இருமியது. இங்கே இரும்புக் கதவே ஆறு மாதம் தாங்காது என்று ஆதிமூலம் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் கம்ப்யூட்டர் படித்தவரா என்ன, யார் கேட்பது?

கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓர் ஆளை உட்கார வைப்பதென்று முடிவானது. கயிற்றை இழுத்து டார்ச் விளக்கைக் காட்ட வேண்டும், வசனத்தைப் படிக்க வேண்டும். குரலைப் பிறகு சென்னையில் மாற்றிக்கொள்ளலாம். முதலில் உட்கார்ந்த லைட்மேன்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்த புழுக்கத்தில் மயங்கி விழுந்தார்கள். வெயில் தாங்குகிற, ஒல்லியான, படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி மலர்கொடியிடம் வந்தார்கள். இப்படியாகத்தான் உலகத்திலேயே புத்திசாலியான கம்ப்யூட்டர், நைட்டிமேல் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

பெட்டிக்குள் போனதும் அவள் கண்ணில் பட்டது வேறொன்று. கம்ப்யூட்டருக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு சின்னக் கழிப்பறை. அது இல்லாமல் நடிக்க முடியாது என்று கதாநாயகி சொல்லிவிட்டதால் வைத்தது. கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், மேலே ஒரு டேங்க் தண்ணீர். கதாநாயகி ஒரு முறை சொன்னதுதான், வந்துவிட்டது.

காலைச் சாப்பாட்டுக்குப் படப்பிடிப்பு ஆட்கள் எல்லோரும் போனதும் மலர்கொடி வசந்தாவைக் கூட்டிவந்தாள். மறுநாள் ஐந்து பாத்திப் பெண்கள் வந்தார்கள். அதற்கும் மறுநாள் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் வந்தார்கள். நம்ம செட்டுக்கு என்ன மவுசு பாருங்கள், பெண்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்று ராஜ்கமல் தயாரிப்பாளரிடம் போனில் பெருமைப்பட்டுக்கொண்டார். ஒன்பது நாள் வசந்தா உப்பளத்தில் தண்ணீர் குடித்தாள். முகத்தில் வீக்கம் வடிந்தது.

கடைசி நாள் பெரிய அதிகாரி ஒருவர் பத்திரிகைக்காரர்கள் சகிதம் செட்டைப் பார்க்க வந்தார். எட்டு மனுவுக்கும் பதில் எழுதியவர் இவர்தான். கம்ப்யூட்டர் நிஜமா, டூப்பா என்று கேட்டார். டூப் என்று சொல்ல ராஜ்கமலுக்கு வாய் வரவில்லை. நிஜம், ஏ.ஐ., எதைக் கேட்டாலும் சொல்லும் என்று அளந்துவிட்டு, பெட்டி ஓரமாக வந்து குனிந்தார்.

“அக்கா, பேப்பர்ல இருக்கிறத மட்டும் படிங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மரக்காணத்தின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று அதிகாரி கேட்டார். பேப்பரில் பொற்காலம் என்று எழுதியிருந்தது. மலர்கொடி அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் இந்தக் கப்பலைப் பிரிக்கப்போகிறார்கள், வசந்தா மறுபடி வாயைக் கட்டப்போகிறாள் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. ஒன்பது நாள் படித்துப் பழகிய வசன பாஷை தானாகவே வந்தது.

“முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பால் சென்று பார்த்தேன். உப்பு இருந்தது. வெயில் இருந்தது. பெண்கள் அப்போதும் வேலிகாத்தான் புதரைத் தேடித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.”

அதற்குத் தீர்வு என்ன என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

“நான்கு சுவர், ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு தொட்டித் தண்ணீர். இதைக் கேட்டு எட்டு மனுக்கள் உங்கள் மேஜைக்கு வந்தன. எட்டாவது மனுவின்மேல் டீ கிளாஸ் வைத்த கறை வட்டமாக இருக்கிறது.”

அந்தக் கறை மலர்கொடி ஆபீசுக்குப் போனபோது தன் கண்ணால் பார்த்தது. அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றே விட்டார்.

“அற்புதம்பா. இது எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்?”

மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு அறிவுள்ள ஒரு கம்ப்யூட்டர் இந்த ஏழைத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பெட்டிக்குள் மலர்கொடி அழுதாள். உப்பளத்தில் வெயிலுக்குக்கூட அழாதவள்.

மறுநாள் கப்பலைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். பெண்கள் புதருக்கே திரும்பினார்கள்.

ஆனால் அதிகாரி சொன்னதைச் செய்கிறவர். இரண்டே மாதத்தில் உப்பளத்து ஓரத்தில் ‘தொழிலாளர் குறைதீர் கணினி மையம்’ எழும்பியது. டைல்ஸ் போட்ட அறை. உள்ளே தொட்டால் பேசுகிற ஒரு கம்ப்யூட்டர். கணினி என்பதால் விதி ஒன்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்காரும் ஆபரேட்டர் சிரமப்படக் கூடாதென்று, அவருக்காக உள்ளேயே ஒரு கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டினார்கள். ஆபரேட்டரைப் போடத்தான் மறந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டி, அறையைப் பூட்டி, சாவியை ஆதிமூலத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. மறுநாள் காலை மலர்கொடி ஆதிமூலத்தை அதன் முன்னால் நிறுத்தி, திரிகாலியின் குரலில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். தொழிலாளர் எவரும் எந்நேரமும் குறைகளைத் தெரிவிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். இரகசியம் காக்கும் பொருட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளவும்.

“என்னம்மா கொறை உனக்கு?” என்றார் ஆதிமூலம்.

“அத உங்களாண்ட எப்படிங்க சொல்றது? ரகசியம்னு போட்டிருக்குதே.”

ஆதிமூலம் மேலதிகாரி வைத்த பலகையை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். முதல் குறை வசந்தாவுடையது. அடுத்து மலர்கொடி. பிறகு நாற்பத்தொரு பெண்களுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு குறை என்று வழக்கமானது. கடிகாரத்தைப் பார்க்க ஆதிமூலத்துக்குத் தைரியம் வரவில்லை. தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்களோ என்று பயந்து, கூப்பிடும்போதெல்லாம் ‘வாங்கம்மா’ என்று மரியாதை வேறு கொடுக்க ஆரம்பித்தார். வசந்தா அந்த வருடம் மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அதிகாரி ஒரு கணக்குத் தாளோடு வந்தார். கதவு திறந்து மூடுவதை எண்ணுகிற கருவி ஒன்றும் அங்கே இருந்ததாம். சுற்றுவட்டாரத்திலேயே அதிகம் பேர் வந்துபோகும் மையம் இதுதான். ஆனால் பதிவான குறை ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்ன நடக்கிறதென்று விசாரிக்க, வாயாடி என்று பெயரெடுத்த மலர்கொடியைக் கூப்பிட்டார்.

“தினம் ரெண்டு தடவ உள்ள போறீங்க. ஒரு கொறையும் சொல்ல மாட்டேங்கிறீங்களேம்மா?”

“உள்ள போய்ட்டு வந்தாலே கொறை தீந்துடுதுங்க சார்.”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாக்கியத்தைத் தாளில் குறித்துக்கொண்டார். கரையோரம் இன்னும் பதினாறு உப்பளங்களில் இதே மையத்தை வைக்க அன்றைக்கே எழுதப்போவதாகச் சொன்னார். உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவளைக் கேட்டார். எட்டு மனுவுக்கு அப்புறம் அவர் கேட்டுவிட்டார்.

“பதினாறு எடத்துலயும் ஆபரேட்டருக்கு அந்த ரூம மட்டும் விட்டுடாம கட்டிடுங்க சார்” என்றாள் மலர்கொடி. “பாவம், அவரும் மனுஷன்தானே.”