படத்தில் தெரிந்த வெள்ளைத் திட்டு

கோலாலம்பூருக்கு அருகே காப்பாரில் லோரி ஓட்டிய என் கணவருக்கு ஒரு காலையில் வாய் குழறி, வலது கை தொங்கிவிட்டது. கிள்ளானில் எடுத்த சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. பேச்சு தெளிந்து, கையும் கொஞ்சம் அசைந்தது. டாக்டர் தங்கச் சொல்லியும், “ஒன்னும் இல்லலா, வீட்டுக்குப் போலாம்” என்று அவர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கோலாலம்பூரில் அப்போதுதான் வந்திருந்த புதுவகை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் இடப்பக்கம் பெரிய வெள்ளைத் திட்டு.

“ஸ்ட்ரோக் வந்தவுடனே சி.டி.ல தெரியாது ஆன்டி, இதுல தெரியும்” என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். “அந்த இடம் போயிருச்சு.”

“பேச்சு திரும்புமா?”

“பேச்சுக்கான இடமே அதுதான் ஆன்டி” என்றார் அவர்.

யாருக்காவது வாய் குழறினால், ஸ்கேன் சரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள் என்று இப்போது நானே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். வீடு திரும்பினால் அவர் என்னைப் பார்த்து வாயை அசைக்கிறார். என் பெயர் வருவதில்லை.