இன்ஸாப் நானா எழுதிய பகுதி

சாய்ந்தமருது சிபானாவை ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு கட்டிக்கொடுத்தார்கள். "கலியாணம் முடிச்சிட்டுப் படிக்கலாம்" என்று சொன்னவர்கள் எல்லோரும் கலியாண விருந்தின் வலீமாச் சோறு செமிக்கும் முன்னரே அதை மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை. சில வருடங்கள் பொறுத்து, ஒன்லைனில் கணக்கியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். சான்றிதழோடு போனால் கல்முனையில் ஒரு கம்பனியில் வேலை தயாராக இருந்தது.

கடைசிப் பாடத்துக்குக் குழுவாக எழுதி அனுப்பும் ஒப்படை. ஐந்தைந்து பேராகச் சேர்ந்து வட்ஸ்அப் குறூப் தொடங்குங்கள் என்றார் விரிவுரையாளர். சொல்வது லேசு. எங்கள் ஊரில் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று குறூப் தானாகவே பிரிந்துவிடும். சிபானாவின் வட்ஸ்அப்போ கடை வைத்திருக்கும் புருஷன் இன்ஸாப்பின் நம்பரில். பேரும் அவனுடையது, தாடி வைத்த படமும் அவனுடையது. பெண் பிள்ளையின் படம் போனில் இருக்கக் கூடாதென்பது வீட்டுச் சட்டம்.

பெண்களின் அட்மின் றஸ்னா தாடியைக் கண்டதும் மறுத்துவிட்டாள். சிபானா குரல் பதிவு அனுப்பியும் பலிக்கவில்லை.

"பொஞ்சாதியக் கதைக்க வெச்சி உள்ள வாற ஆம்புளயளும் இரிக்காங்க," என்று பதில் வந்தது.

றஸ்னாவைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படிப்பட்டவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆண்களின் அட்மின் ஜெஸீம் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க இன்ஸாப் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சேர்த்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் தூக்கிவிடுவான் என்று பயந்து, வாயிருந்தும் ஊமையாய் அவள் உள்ளே இருந்தாள். மற்றவர்கள் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருக்க, கணக்கு முழுவதையும் அவளே எழுதினாள். ஜெஸீம் குறூப்பில் கண்ட பேர்களை, ஆளுக்கொரு பகுதி எழுதியதாக முன்பக்கத்தில் டைப் அடித்து ஒப்படையை அனுப்பிவிட்டுத்தான் காட்டினான்.

அடுத்த சூம் வகுப்பில் விரிவுரையாளர் கேட்டார்: "இன்ஸாப் எழுதின பகுதி நல்ல திறம். ஆனா வகுப்புப் பேர் இடாப்பில அப்படி ஒரு ஆள் இல்லையே?"

சிபானா மைக்கைத் திறந்தாள். "அது நான்தான் சேர், சிபானா. அது ஹஸ்பன்ட்ட பேரு."

ஜெஸீம் பதறிப்போனான். ஊரான் பெண்சாதியைக் குறூப்பில் வைத்திருந்தான் என்று நாளைக்கு ஊர் கதைக்குமே. "எங்கட குறூப்பில பொம்புளயள் இல்ல சேர். எழுதினது இன்ஸாப் நானாதான்."

"அப்ப ஹஸ்பன்ட் எழுதித் தந்ததா? அதுக்கு உங்களுக்கு மார்க்ஸ் தரேலாது."

அத்தோடு டிப்ளோமா போயிற்று, வேலையும் போயிற்று. வயிறெரிகிறது.

இன்ஸாப்புக்கு மட்டும் ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. "என்ட கணக்கு திறமெண்டு கெம்பஸ் சேரே சொல்லிட்டாரு," என்று கடைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

அந்தக் கடைக் கணக்கையும் சிபானாதான் எழுதுகிறாள்.