ஆவணியில் வண்டியை விற்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பைக்கைப் பார்க்க ராயப்பன்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பார்க்க என்றால் சும்மா பார்க்க இல்லை... பிடித்தால் வாங்கிப்போக!

எந்த பைக் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். கல்யாணமான வருஷம் கம்பத்தில் வாங்கிய சிவப்பு இருநூறு சிசி. ரேஸ் வண்டி ஓட்ட ஆசை, ஆனால் இருப்பதோ சம்பளக்காரன் பர்ஸ் – இப்படிப்பட்ட ஆட்களுக்கென்றே செய்த வண்டி. பன்னிரண்டு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது.

ஆடிக் காற்றில் சின்னமனூர் பக்கம் போய்ப் பாருங்கள். மற்ற வண்டிகள் தள்ளாடும், இது அசையாது. கம்பம் மெட்டு வளைவுகளில் என்னைக் கேட்காமலே திரும்பும். சரி, புகழ்ந்தது போதும். செயினை மூன்று முறை மாற்றியாயிற்று. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. பாதி ஸ்பேர் பார்ட்ஸுக்கு மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மழையில் நனைந்தால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். வயசானால் யாருக்குத்தான் இதெல்லாம் இல்லை?

என் மனைவி செல்விக்கும் இந்த வண்டிக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. பின் சீட் ரொம்ப உயரம்.

"இதுல ஏறணும்னா ஏணிதான் வைக்கணும். ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க. நானும் மினிபஸ்ல தொங்காம பள்ளிக்கூடம் போய்ட்டு வருவேன்ல?"

நியாயம்தானே? ஆனால் எங்கள் வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஸ்கூட்டர் உள்ளே வர வேண்டுமானால் பைக் வெளியே போக வேண்டும்.

நான் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. "ஆடி முடியட்டும்" என்பேன். ஆடியில் யாராவது வண்டி மாற்றுவார்களா? பிறகு புரட்டாசி, பிறகு ஐப்பசி அடைமழை, பிறகு மார்கழி... தப்பித்தவறி ஒரு நல்ல மாசம் வந்தால் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்துவிடும்.

இந்த வருஷம் என் பருப்பு வேகவில்லை. ஆவணி பிறந்ததும் செல்வியே காலண்டரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சுபமுகூர்த்தம். எங்க ஸ்கூல் டீச்சரோட தம்பி ஜெரால்டு வண்டி பாக்க வர்றான். நான்தான் வரச் சொன்னேன்."

ஜெரால்டு வந்தார். பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக்கூட முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்காது.

"அண்ணே, ஒரு ரவுண்டு போய்ட்டு வரவா?"

சாவியைக் கொடுத்தேன். நான் ஓட்டாமல் என் வண்டி தெருவைத் தாண்டுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள் – வண்டி மறையும்வரை எட்டி எட்டிப் பார்த்தேன். செல்வி பக்கத்தில் நிம்மதியாக நின்றாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் என் வண்டி தெருமுக்கு திரும்பும் சத்தம் கேட்டதும் செல்வி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். நான் கை கால் கழுவிவிட்டு வருவதற்கும் கல் காய்வதற்கும் சரியாக இருக்கும். போன் கிடையாது, "கிளம்பிட்டேன்" என்ற மெசேஜ் கிடையாது. சத்தம் போதும்.

ஜெரால்டு ரவுண்டை முடித்துக்கொண்டு தெருமுக்கு திரும்பினார். அதே சத்தம்.

செல்வி விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்பு பற்றியது. கல் 'டங்'கென்று உட்கார்ந்தது. நான் வாசலில் நிற்கிறேன்... யாருக்குத் தோசை?

அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையில் தோசைத் திருப்பியோடு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"சூப்பர் வண்டிக்கா!" என்றார் ஜெரால்டு. "சைலன்சரை மட்டும் மாத்திட்டேன்னா சத்தம் வேற லெவல்!"

"சத்தத்தை மாத்திருவியா?"

"ஆமாக்கா, அதான் மொத வேலை."

செல்வி தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, உங்கிட்ட மறைக்கக் கூடாது. முன்னாடி ஃபோர்க்குல ஆயில் கசியுது. மழைல நனைஞ்சா ஸ்டார்ட் ஆகாது. பாதி சாமான் மதுரைக்குப் போனாத்தான் கிடைக்கும். இவுக வாயைத் தொறந்து சொல்ல மாட்டாக. நான்தான் சொல்லணும்."

எனக்கு ஆச்சரியம். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"பழைய வண்டின்னா அப்படித்தான்க்கா. நான் பாத்துக்கிறேன்."

"அதுக்கில்லப்பா... இன்னைக்கு அஷ்டமி. கொடுக்கல் வாங்கல் ஆகாது."

"எங்களுக்கு அஷ்டமி நவமியெல்லாம் கிடையாதுக்கா!"

"எங்களுக்கு இருக்குல்ல? நாளைக்கு நவமி. அப்புறம் புரட்டாசி வந்துரும். தை பொறக்கட்டும், பாப்போம். இப்ப உள்ள வா தம்பி, கல்லு காயுது. சாப்பிட்டுப் போ."

என் வசனத்தை அவள் அப்படியே ஒப்பித்துவிட்டாள். ஒரு வண்டியை வருஷக்கணக்கில் வைத்திருந்தால், அதை ஓட்டுகிறவன் மட்டும் அதற்குச் சொந்தக்காரன் இல்லை. அது வரும் சத்தத்துக்குக் காது கொடுத்து வீட்டில் இருப்பவரும்தான். இது புரிய எனக்கு இத்தனை ஆவணி ஆகியிருக்கிறது.

பாவம் ஜெரால்டு. வயிறு நிறையத் தோசை சாப்பிட்டுவிட்டு, வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்றைக்கு முகூர்த்தம் என்று நாள் பார்த்தவளே செல்விதான். அஷ்டமி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் எதற்குச் சண்டை?