சித்தப்பாவின் பீரங்கிகள்

சென்னையில் வேலை போய் சித்தப்பா ஆரணிக்குத் திரும்பி வந்தபோது, லீவில் வந்திருக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் வெளியே சொன்னார்கள். அந்த லீவு முடிகிற வழியாக இல்லை. புடவைக்கு டிசைன் போட அப்பா வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் காலையில் உட்காருவார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். பக்கத்து அறையில் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் கூப்பிடுவதும் லேசான வேலை இல்லை.

பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனி அவருக்குப் பரீட்சை வைத்திருந்தது. அவர்களுடைய போர் விளையாட்டில் நாம் ஒரு படை, கம்ப்யூட்டர் எதிர்ப்படை. கம்ப்யூட்டருக்குப் பீரங்கியை வைத்துப் பிழைக்கத் தெரியவில்லை. காலாட்களுக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நடுக்களத்தில் நிறுத்தும். நான் குதிரைகளை அனுப்பி அத்தனையையும் நொறுக்குவேன். அதைச் சரிசெய்து கொடுத்தால் சித்தப்பாவுக்கு வேலை. இல்லாவிட்டால் தறியில் உட்கார வேண்டியதுதான். "ஆடி போறவரிக்கும் பாப்பேன். அப்புறம் என்னைப் பேஜார் பண்ணாத" என்று அப்பா சொல்லிவிட்டார்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. பள்ளி விட்டு வந்ததும் நான் ஆடுவேன். முதலில் பீரங்கிகளைப் பின்னால் நிற்க வைத்தார். அவை தங்கள் ஆட்கள் தலையிலேயே குண்டு போட்டன. அதைத் திருத்தினார், ஒற்றை ஆளைக் கண்டாலும் எல்லாம் சேர்ந்து சுட்டன. நான் ஒரு சிப்பாயை ஓடவிட்டு, அவை மறுபடி குண்டு நிரப்புவதற்குள் பக்கவாட்டில் புகுந்து ஜெயித்தேன். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பக்கமா வந்த? சொல்லிகினே இன்னொருவாட்டி ஆடு" என்றார். தோற்பதற்கு இப்படியும் ஒரு மனிதர் அலைவாரா என்று எனக்கு இளப்பமாக இருந்தது.

ஆடி முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் பீரங்கிகள் சுடாமல் காத்திருந்தன. என் குதிரைகள் நெருங்கியதும் ஈட்டிக்காரர்களுக்குப் பின்னால் ஒதுங்கின. என் படை ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றபோது எல்லாப் பீரங்கிகளும் ஒரே சமயத்தில் சுட்டன. தோற்றேன். மறுபடி ஆடியும் தோற்றேன். மவுஸை வீசிவிட்டு அழுத என்னை சித்தப்பா தூக்கிச் சுற்றினார். ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று நான் இன்னும் அழுதேன்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. வேலை உண்டு. ஆனால் புதிய பீரங்கிகளோடு ஆடிப் பார்த்தவர்கள், தோற்ற எரிச்சலில் விளையாட்டையே தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார்களாம். பீரங்கிகளுக்குக் கொஞ்சம் புத்தியைக் குறைத்துத் தர வேண்டுமாம்.

அப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. "கடைக்காரரு பார்டரு சின்னதா கேட்டா நாம சின்னதாத்தான நெய்யறோம்? அவங்க கேக்கறத ஜல்தியா குட்த்துட்டுப் போய்ச் சேரு" என்றார். "சரிண்ணா" என்றார் சித்தப்பா. இப்போது நானும் மாதச் சம்பளக்காரி. நன்றாகச் செய்ததைக் கெடுத்துத் தரச் சொல்லும் மெயில்கள் எனக்கும் வருகின்றன. நானும் சரி என்றுதான் எழுதுகிறேன். எழுதிவிட்டு எதுவும் செய்யப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று சித்தப்பா பீரங்கிகளைப் பழையபடி முன்னால் வரவிட்டு, என்னை ஆடச் சொன்னார். ஒரு நொடியில் ஜெயித்தேன். அம்மா வேலை கிடைத்ததற்காகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். என் வெற்றிக்கென்று நினைத்து வீடு முழுக்கக் குதித்தேன். இன்னொரு ஆட்டம் கேட்டபோது, "நீயே ஆடிக்கோ பாப்பா. அது இனிமே தோத்துகினேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

என்னிடம் தோற்ற வருத்தம் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அவர் காதருகே குனிந்து, "அழாத சித்தப்பா, நாளைக்கு நான் விட்டுக் குடுக்கறேன்" என்றேன்.