பிஜிலியின் ஐந்து குழாய்

டில்லிபாபுவுக்குக் குதிரையைத் தெரியும், அதன் உதையும் தெரியும். பதினெட்டு வருஷம் கிண்டிப் பக்கம் ஒரு லாயத்தில் வேலை பார்த்தவர். தொடை எலும்பு முறிந்த பிறகுதான், குதிரைகளிடம் ரத்தம் எடுத்து வரும் ஆளாக அடையாறில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தார். ஏன் நொண்டுகிறீர்கள் என்று கேட்டால், "ரேஸ்ல நானும் ஓடுனேம்பா" என்பார்.

அபூர்வமாகக் குதிரைகளுக்கு வரும், ஈக்கடியில் பரவும் ஒரு வைரஸ் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் புதிய ரத்தப் பரிசோதனையை அங்கே சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நோயில்லாத நாற்பது குதிரைகளின் ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் காட்டும் அளவுகளை வைத்துத்தான் கோடு போடுவார்கள். கோட்டைத் தாண்டினால் நோய்.

பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரி விடும் குல்ஷனிடம் ஐந்து குதிரைகள் இருந்தன. நான்கு முரடு. பிஜிலி மட்டும் தானாகக் கழுத்தை நீட்டும். குல்ஷன் சவாரிக்கு ஆள் பேசப் போன நேரத்தில், டில்லிபாபு பிஜிலியிடமே ஐந்து குழாயும் நிரப்பி ஐந்து நம்பர் ஒட்டிவிட்டார். தொடை அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது.

பரிசோதனை செய்யும் ஷெரில் மறுநாள் கேட்டாள். "டில்லிண்ணே, குல்ஷன் பாய் குதிரை அஞ்சும் ஒரே மாதிரி தூக்கலா காட்டுதே. நல்லாத்தானே இருக்கு?"

"இன்னாமா நீ! அல்லாம் அக்கா தங்கச்சி மாரி. ஷோக்கா கீதுங்க."

ஷெரில் சிரித்துவிட்டு, நல்ல குதிரைக்கு நோய் என்று சொல்லிவிடக் கூடாதே என்று கோட்டை உயர்த்தினாள். அவருக்கு உண்மை வாய் வரை வந்தது. அதற்குள் அவள் அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து குல்ஷன் புதுக் குதிரை ஒன்று வாங்கினார். அதன் ரத்தம் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. நோயில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பிஜிலிக்குப் பக்கத்தில் கட்டினார். ஈக்கள் இரண்டையும் மாறி மாறிக் கடித்தன. மூன்றாவது வாரம் பிஜிலி காய்ச்சலில் மணலிலேயே சரிந்து செத்தது. அதே வைரஸ்தான்.

டில்லிபாபு ஷெரிலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை.

"எந்த நம்பர்ணே?"

"பதினேழுலேர்ந்து இருவத்தொண்ணு. ஒண்ணுதாம்மா நெஜம்."

நான்கை அழித்துவிட்டு அவள் மறுபடி கணக்கிட்டாள். கோடு நகரக் கூடாது என்று அவர் கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டு நின்றார். கோடு இறங்கியது. புதுக் குதிரையின் புள்ளி அதற்கு மேலே இருந்தது.

"மத்த குதிரைக்கும் பரவியிருக்கான்னு பாக்கணும்" என்றாள்.

அன்று மாலையே காலிக் குழாய்களோடு பெசன்ட் நகர் போனார்.

"இன்னா டில்லி, அதான் போய்ட்சே. இன்னும் இன்னா ரத்தம்?" என்றார் குல்ஷன்.

டில்லிபாபு இருப்பதிலேயே முரட்டுக் குதிரையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"மொதல்ல உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் பாய்."